முகட்டில் ஒரு சட்டை

பிட்டோலா,
ஜூலை 1, 1984

அன்புள்ள ஸ்பாசே,

இப்படி நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். கிளிமே இப்போதுதான் கண்ணயர்ந்தான். பல் முளைக்கிறது, சாயங்காலத்திலிருந்து காய்ச்சல். விளக்கின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுச் சமையலறை மேசையில் எழுதுகிறேன். கையெழுத்து கோணிக்கொண்டு போனால் என்னைத் திட்டாதே.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? தொழிலாளர் கொட்டகையில் படுக்கை கொடுத்தார்களா? மூட்டைப்பூச்சி இருந்தால் சொல், ஆய்வுக்கூடத்திலிருந்து மருந்து அனுப்புகிறேன். சர்க்கரை ஆலை வேலையால் அந்த ஒரு லாபமாவது இருக்கட்டும்.

கோடைப் பயிற்சிக்குக் கல்லூரி உனக்கு நான்கு இடங்கள் சொன்னது. ஓஹ்ரிட் ஏரிக்கரையில் கட்டும் அந்த விடுதியைத்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். ஏன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவிடுகிறேன், நேரில் பேசினால் அழுதுவிடுவேன். போன அக்டோபரில் உன் அத்தான் ட்ராய்கோ அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்துதான் விழுந்து இறந்தார். "குடிபோதையில் தவறி விழுந்தார்" என்று இன்ஜினியர் ஏவ்திமும் மேஸ்திரி குஸ்மனும் கையெழுத்துப் போட்டார்கள். திருவிழா நாளில் ஒரு கிளாஸ் குடித்தால் மறுநாள் தலைவலி என்று படுத்துக்கொள்ளும் மனிதர், வேலை நாளில் காலை எட்டு மணிக்குக் குடித்தாராம்.

என் குடும்பப் பெயர் இப்போது வேறு, உன்னுடையது வேறு. நீ யார் என்று ஏவ்திமுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். கண்ணைத் திறந்து வை, வாயை மூடி வை. அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகு செய்ய வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெறும் வயிற்றோடு சாரத்தில் ஏறாதே.

உன் அக்கா,
தஃபீனா


ஓஹ்ரிட்,
ஜூலை 9

அன்புள்ள அக்கா,

நான் சுகம். கிளிமேக்குக் காய்ச்சல் விட்டதா? முதல் பல்லோ இரண்டாவதோ, மாமன் ஒரு முத்தம் கொடுத்ததாகச் சொல்.

கம்பி கட்டி முடித்த இடங்களில் இடைவெளி அளந்து பார்ப்பதுதான் என் வேலை. கொத்தனார்கள் என்னை "மாணவரே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். "மாணவரே, உங்க காகிதத்துல நிக்கிற தூணு இந்தச் சேத்துல நிக்குமா?" "மாணவரே, கலவைக்கு உப்பு போதுமா, கொஞ்சம் ருசி பாத்துச் சொல்லுங்க!" முதல் நாள் என்னை ரசமட்டம் வாங்கி வரச் சொல்லி மூன்று கடைகளுக்கு அலையவிட்டார்கள். அது முழு நேரமும் மேஸ்திரியின் பையிலேயே இருந்தது.

ஏவ்திம் நான் நினைத்த மாதிரி ஆள் இல்லை. அதட்டுவதில்லை. நேற்று தன் புரெக்கில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். "தின்னு மகனே, உன் வயசுல எனக்குப் பாதி கெடச்சதே பெருசு" என்றார். பயிற்சிச் சான்றிதழில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் நான் அடுத்த ஆண்டுக்குப் போக முடியும். நன்றாக எழுதித் தருகிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருக்கிறது. இங்கே யாரும் சாரத்தில் சும்மா கால் வைப்பதில்லை. முதலில் குதிகாலால் பலகையை ஓங்கி ஒரு தட்டு, பிறகுதான் அடி எடுத்து வைக்கிறார்கள். வேறு எந்த வேலையிடத்திலும் இதை நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டேன். "பழக்கம்தான்" என்று சொல்லி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உன் தம்பி,
ஸ்பாசே


பிட்டோலா,
ஜூலை 14

அன்புள்ள ஸ்பாசே,

காய்ச்சல் விட்டது. இப்போது நடக்கப் பழகுகிறான். நான்கு அடி வைக்கிறான், பொத்தென்று உட்காருகிறான், தானே கை தட்டிக்கொள்கிறான்.

நேற்று பால் வாங்க நின்ற வரிசையில் அவனைக் கீழே இறக்கி விட்டேன். கீழ்வீட்டு ஸ்லாவ்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஐயோ, அப்பன் மாதிரியே தள்ளாடுறான் பாரேன்!" என்றாள். வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், ஸ்பாசே. என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டேன். இவன் பள்ளிக்கூடம் போவான், பட்டாளத்துக்குப் போவான், பெண் பார்க்கப் போவான். எங்கே போனாலும் அந்த வார்த்தை இவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஏவ்திமின் புரெக் நன்றாக இருந்ததா? பாலாடைக்கட்டி வைத்ததா, கறி வைத்ததா? தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

பலகையை ஏன் தட்டுகிறார்கள் என்று மறுபடியும் கேள். குஸ்மனிடம் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தஃபீனா


ஓஹ்ரிட்,
ஜூலை 22

அக்கா,

நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடு எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

குஸ்மனிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் அவர் ஏரியைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருந்தார். "மேஸ்திரி, ட்ராய்கோவோட மச்சான் நான்" என்று சொல்லிவிட்டேன். வாயை மூடிக்கொள் என்று நீ எழுதியிருந்தாய். முடியவில்லை. கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். அப்புறம் அதை எடுக்கவே இல்லை.

"அன்னிக்கு முந்தின நாள் ஞாயித்துக்கிழமை, மாணவரே. இன்ஜினியரு சொந்த ஊர்ல வீடு கட்டுறாரு, அங்க தளம் போடணும்னு சென்ட்ரிங்குக்குப் பலகை பத்தல. இங்க சாரத்துலேர்ந்து உருவி வண்டியில ஏத்தச் சொன்னாரு. உருவினது நாங்கதான். திங்கக்கிழமை விடியறதுக்குள்ள திருப்பிப் போட்டுடலாம்னாரு. போடல. உங்க அத்தான் எப்பவும் மொத ஆளா ஏறுவான், சாரத்தைப் பாக்க மாட்டான், பாட்டு பாடிக்கிட்டே போவான்."

அவரே தொடர்ந்தார்.

"ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள இன்ஜினியரு அறைக்குள்ள போயி ஒரு புட்டியோட வந்தாரு. சட்டையில ஊத்துனாரு. அவன் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டிருந்தான். நாங்க சுத்தி நின்னோம். 'மேஸ்திரி, உங்களுக்கு ஓய்வூதியத்துக்கு ஒரு வருஷம்தானே பாக்கி'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. கையெழுத்துப் போட்டேன்."

விசாரணைக்கு வந்து இதைச் சொல்வீர்களா என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் அதே பதிலைத்தான் சொன்னார்.

அன்றிலிருந்துதான் எல்லாரும் பலகையைத் தட்டுகிறார்களாம்.

ஸ்பாசே


பிட்டோலா,
ஜூலை 26

ஸ்பாசே,

நாங்கள் இருவரும் நலம். கிளிமே எட்டு அடி நடந்தான்.

உன் கடிதத்தைக் குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டுப் படித்தேன். அவர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்ற வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

நேற்று ஒரு வக்கீலைப் பார்த்தேன். "சாட்சி இருக்கா? இல்லேன்னா குழந்தையைப் பாத்துக்கம்மா" என்றார். நல்ல மனிதர், மிட்டாய்கூடக் கொடுத்தார்.

ஏவ்திம் தினமும் சாரத்தில் ஏறுகிறார் இல்லையா? காலையிலா, மாலையிலா? எந்தப் பக்கமாக?

ஒரு பலகைதானே, ஸ்பாசே. அவர்கள் வண்டி நிறைய உருவினார்கள். ஒன்று போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

தஃபீனா


பிட்டோலா,
ஆகஸ்ட் 9

ஸ்பாசே,

சுகமா? இரண்டு வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கமாகப் போகிறார்.

போன கடிதத்தைக் கொளுத்திவிடு. அதை எழுதியதற்காக நான் வருத்தப்படவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் கை இருக்கிறதே, அந்தக் கையைப் பிடித்து உனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவள் நான். ராத்திரி கண்ணை மூடினால் அந்தக் கை ஒரு பலகையைப் பிடித்திருப்பதுதான் தெரிகிறது.

எழுத முடியாத இடத்தில் இருக்கிறாயா? ஒரு வெற்று அட்டையில் உன் பெயரை மட்டும் எழுதிப் போடு. போதும்.

அக்கா


ஓஹ்ரிட்,
ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்கா,

நான் கொட்டகையில்தான் இருக்கிறேன், சிறையில் இல்லை. கிளிமே எப்படி இருக்கிறான்?

நீ சொன்னதைச் செய்யப் போனேன். விடியும்போதே ஏறி ஒரு பலகையின் கட்டுக்கயிற்றை அவிழ்த்துவிட்டு ஏணிக்கு அருகில் நின்றேன். ஏவ்திம் வந்தார். ஏணியில் பாதி ஏறி நின்று, "மகனே, கம்பிக்காரங்கள்ல ஒருத்தனை மொதல்ல அனுப்பு. நான் பின்னால வர்றேன்" என்றார். தினமும் அப்படித்தானாம். எனக்கு அதுவரை தெரியாது. அவர் தன் குதிகாலால் தட்டிப் பார்ப்பதுகூட இல்லை, அக்கா. தட்டுவதற்கு வேறு ஒருவரின் காலை வைத்திருக்கிறார்.

ஓடிப்போய்ப் பலகையைக் கட்டினேன். அதில் முதலில் கால் வைப்பது ஒருபோதும் அவராக இருக்கப் போவதில்லை. அதன் பிறகு பல நாள் விடியும் முன்பே ஏறி அந்தக் கயிற்றைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன், உனக்கு எழுத உட்காரவில்லை.

மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் ஏவ்திம் கட்டும் வீட்டுக்குக் கூரைச் சட்டம் ஏறுகிறது. மாதா நோன்பு முடிந்த பிறகு, செப்டம்பர் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முகடு வைக்கிறார்கள். எங்கள் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார், ஆடு வெட்டுகிறார்களாம். அடுக்குமாடி வந்த பிறகு நம் பிட்டோலாவில் மறந்துபோன வழக்கம் இங்கே அப்படியே இருக்கிறது. உறவும் நட்பும் கொண்டு வரும் சட்டைகளையும் துண்டுகளையும் முகட்டில் கயிறு கட்டித் தொங்கவிடுகிறார்கள். எல்லாம் கொத்தனார்களுக்கு. மேஸ்திரி முகட்டில் நின்று ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, யார் கொடுத்தது என்று ஊருக்கே கேட்கும்படி கூவ வேண்டும். கயிற்றில் ஏறிய எதையும் கூவாமல் விடக்கூடாது. வீட்டுக்காரன் எதையும் தன் கையால் இறக்கக்கூடாது.

கூவப்போவது குஸ்மன்தான்.

ஸ்பாசே


பிட்டோலா,
ஆகஸ்ட் 20

அன்புள்ள ஸ்பாசே,

உன் கையைக் கடவுள் காப்பாற்றினார். இனி அந்தப் பேச்சு வேண்டாம். நானும் கிளிமேவும் சுகம், மிளகாய் வாங்கிச் சுட்டு வைக்கத் தொடங்கிவிட்டேன்.

இதோடு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் என்னிடம் கொடுத்த சட்டை. துவைக்கவில்லை. இத்தனை மாதமாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியின் அடியில் வைத்திருந்தேன். பையைத் திறந்தால் இன்னும் சாராய வாடை அடிக்கிறது. அந்த வாடையை நம்பி நானே அவரைப் பல ராத்திரி மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

புதுச் சட்டைதான் கொடுக்க வேண்டும் என்று எங்கும் விதி இல்லையே? விசாரித்துவிட்டேன், இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கயிற்றில் கட்டிவிடு. குஸ்மனிடம் முன்கூட்டிச் சொல்லாதே. சொன்னால் அவருக்கு வயிற்றுவலி வந்துவிடும். என் பெயரைச் சொல்லிக் கட்டு.

கூட்டத்தில் பசியோடு நிற்காதே. அந்த ஆட்டைத் தின்னாதே.

அக்கா


ஓஹ்ரிட்,
செப்டம்பர் 4

அன்புள்ள அக்கா,

நலம்தானே? ஆட்டைத் தின்னவில்லை.

ஊரே வந்திருந்தது. கிளாரினெட், மேளம், எல்லாம். கூட்டத்தோடு கூட்டமாக ஏறிக் கயிற்றின் கடைசியில் கட்டினேன், மேலே ஒரு துண்டைச் சுற்றி. குஸ்மன் நல்ல உற்சாகத்தில் இருந்தார். "கேளுங்க ஜனங்களே! இன்ஜினியரோட மச்சினன் வாங்கெல் ஒரு சட்டை கொண்டாந்தாரு! அவரு வீட்டுல நூறு ஆடு மேயட்டும்!" கீழேயிருந்து, "அவன் வீட்டுல புல்லே இல்லையே மேஸ்திரி!" என்று ஒரு குரல். "அப்ப அவரு தலையில மேயட்டும்!" ஒரே சிரிப்பு. ஏவ்திமும் சிரித்தார்.

கடைசியில் நம்முடையது. துண்டைப் பிரித்தார். கட்டம் போட்ட சட்டை, கறை, வாடை. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது அவருக்கு. "என்ன மேஸ்திரி, பேரு மறந்துபோச்சா?" "தொண்டை காஞ்சுபோச்சு, ஏதாவது ஊத்தி விடுங்கய்யா!" என்று கீழே கேலி. அவர் கண் என்னைத் தேடிப் பிடித்தது. "யாரோடது?" என்று கேட்டார். "ட்ராய்கோவோட மனைவி தஃபீனா" என்று நான் கத்தினேன்.

கூவாமல் இறங்க முடியாது. கூவினார். குரல் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும்.

"கேளுங்க ஜனங்களே! ட்ராய்கோவோட பொண்டாட்டி தஃபீனா ஒரு சட்டை அனுப்பியிருக்கா! செத்தப்போ அவன் போட்டிருந்த சட்டை! இந்த வீட்டுத் தளத்துக்குத்தான் அவன் காலுக்கடியிலேர்ந்து பலகையை உருவினோம்! அவன் குடிக்கல! குடிச்சான்னு கையெழுத்துப் போட்டவன் நான்! சாராயத்தை இதுமேல ஊத்துனவரு கீழ நிக்கிறாரு!"

கிளாரினெட் நின்றுவிட்டது. ஏவ்திம் கையை உயர்த்தி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, மேஸ்திரிக்கு இன்னிக்குக் கொஞ்சம் அதிகமாயிடுச்சு" என்றார்.

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அப்ப இவரும் குடிச்சிருக்காரா, இன்ஜினியரே?"

யாரும் சிரிக்கவில்லை. கொத்தனார்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சட்டைகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். நம்முடையதை யாரும் எடுக்கவில்லை. அது முகட்டிலேயே இருக்கிறது.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பயிற்சி முடிந்ததும் வருகிறேன்.

ஸ்பாசே


ஓஹ்ரிட்,
செப்டம்பர் 27

மதிப்பிற்குரிய திருமதி தஃபீனா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் மகனும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கடந்த ஆண்டு நடந்த அந்தத் துரதிருஷ்டமான சம்பவம் எனக்கும் வேதனை அளித்தது என்பதைத் தாங்கள் அறிய மாட்டீர்கள்.

நான் படித்தவன். மூடநம்பிக்கைகளை ஏற்காதவன். ஆனாலும் தாங்கள் அனுப்பிய பொருள் முகட்டில் இருக்கும்வரை ஓடு போடக் கொத்தனார்கள் யாரும் வர மறுக்கிறார்கள். மூன்று ஊர்களில் கேட்டாயிற்று. நானே ஏறி எடுக்கப் போனால் என் தாயார் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வீட்டுக்காரன் கை பட்டா வீட்டுல சாவு விழும்" என்று அழுகிறார். கொடுத்தவர் தாமாக வந்து எடுத்துக்கொண்டால் தோஷம் இல்லையாம். மழைக்காலம் தொடங்கிவிட்டது. கீழ்த்தளத்தில் புது மரத்தரை ஊறுகிறது.

தங்கள் சகோதரர் முகடு வைத்த மறுநாளே பணியிடத்திலிருந்து விலக்கப்பட்டதும், அவரது பயிற்சிச் சான்றிதழ் கையெழுத்தின்றி என் மேசையில் இருப்பதும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓர் இளைஞனின் ஓராண்டு வீணாக வேண்டாம். தாங்கள் வந்து சட்டையை எடுத்துக்கொண்டால் அன்றே கையெழுத்திடுகிறேன்.

இப்படிக்கு,
இன்ஜினியர் ஏவ்திம்


பிட்டோலா,
அக்டோபர் 3

மதிப்பிற்குரிய இன்ஜினியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். நீங்களும் உங்கள் தாயாரும் நலமா? ஈரத்தரையில் அவரை வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், இந்த வயதில் மூட்டுவலி பிடித்தால் லேசில் போகாது.

என் தம்பியை நீங்கள் விலக்கியது எனக்குத் தெரியாது. அவன் எழுதவில்லை. குஸ்மன் வீட்டில் தங்கிக்கொண்டு, எல்லாம் சரியாக இருப்பதாக எனக்குக் கடிதம் போட்டிருக்கிறான். இப்போது இங்கே என் எதிரில்தான் உட்கார்ந்து சுட்ட மிளகாயின் தோலை உரித்துக்கொண்டிருக்கிறான். உங்கள் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். என்ன சொன்னான் தெரியுமா? "இன்னொரு வருஷம் படிச்சா நான் என்ன தேஞ்சா போயிடுவேன்? எடுக்காதக்கா. நல்லா நனையட்டும்." சொல்லிவிட்டுக் கரிக்கையால் கண்ணைத் துடைத்து, எரிச்சலில் துள்ளிக் குதித்தான். குழந்தை அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது.

அதனால் சான்றிதழை உங்கள் மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக நான் வர மாட்டேன்.

ஆனால் வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு ஜனங்கள் வெளியே வரும் நேரத்தில் வருகிறேன். மகனையும் அழைத்து வருவேன். இப்போது நன்றாக நடக்கிறான். உங்கள் முகட்டில் குஸ்மன் நின்ற அதே இடத்தில் நீங்கள் ஏறி நிற்க வேண்டும். அவர் கூவியதை உங்கள் வாயால் கூவ வேண்டும். யாருடைய பலகை, யாருடைய புட்டி, யார் குடிக்கவில்லை என்று. என் மகனுக்குக் கேட்கும்படி. நீங்கள் சட்டையைத் தொட வேண்டாம். கூவிவிட்டு இறங்குங்கள், பிறகு நான் ஏறி எடுத்துக்கொள்கிறேன். அன்று சாயங்காலமே உங்களுக்கு ஓடு போட ஆள் கிடைப்பார்கள்.

உங்களுக்கு முன்னால் ஏறிப் பார்க்க வேறு யாரையும் அனுப்பக்கூடாது. முதல் கால் உங்களுடையதாக இருக்க வேண்டும். பயப்படாதீர்கள், உங்கள் தாயாருக்குச் சிரமம் வேண்டாம். ஏணியை நானே பிடித்துக்கொள்கிறேன்.

மலையில் பனி விழத் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எந்த ஞாயிறு உங்களுக்கு வசதி? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ட்ராய்கோவின் மனைவி தஃபீனா